நாலாம் ஜன்னல் தோங் சித்தியின் கரண்டி

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். எங்கள் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தின் நாலாம் ஜன்னலில் மட்டும், அகப்பையில் வந்தது சட்டிக்கே திரும்பிப் போகும். தோங் சித்தி கரண்டியை உள்ளே விட்டு அள்ளும்போது அதில் ஏழு விலாக்கறித் துண்டாவது இருக்கும். ஜன்னலுக்கு வருவதற்குள் கை ஒரு முறை ஆடும், இரண்டு துண்டு விழும். தட்டுக்கு மேலே வந்ததும் மணிக்கட்டு இன்னொரு முறை ஆடும், மேலும் ஒன்று போகும். மிச்சம் நாலு துண்டும் அவரைக்காயும் குழம்பும் தட்டில் இறங்கும். வாங்குகிறவன் முகத்தைச் சித்தி பார்க்கவே மாட்டார். அவர் கண் அதற்குள் அடுத்த ஆளிடம் போயிருக்கும்.

பரிமாறுகிற பெண்களின் கை ஆடுவது ஊர் அறிந்த சங்கதி. கை ஆடாத பெண்ணை எந்தக் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்திலும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று மாணவர்கள் சொல்வார்கள். ஆனால் வடகிழக்குச் சீனாவின் எங்கள் சாங்சுன் நகரத்தில் தோங் சித்தியின் ஆட்டத்துக்குத் தனிப் புகழ் இருந்தது. இயந்திரவியல் பையன்கள் ஒரு நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று கைப்பேசியில் படம் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். புத்தாண்டு விழாவில் ஒருவன் வெள்ளைத் தொப்பியும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு அவரைப் போலவே நடித்தான். சித்தி முதல் வரிசையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தபடி பார்த்தார். பையனின் மணிக்கட்டு ரொம்ப விறைப்பு, தேறமாட்டான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

முழுப்பெயர் தோங் யாச்சின். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாவு ஆலை ஒன்றில் வேலை பார்த்தார், ஆலை மூடியதும் இங்கே வந்தார், பதினேழு வருஷமாக அதே ஜன்னல். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். நியாயமாகப் பார்த்தால் நான் அக்கா என்று கூப்பிட வேண்டும். மாணவர்கள் எல்லாரும் சித்தி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. ஒரு அக்கா மகன் வயதுக்கு மேல் நான் வளரவே இல்லை என்று அவரும் நினைத்துக்கொண்டார்.

பேச்சு இல்லாமல் சித்திக்கு ஒரு நிமிஷம் நகராது. யாருக்குத் தலைமுடி கொட்டுகிறது, யார் யாரோடு சேர்ந்து சாப்பிட வருகிறார்கள், போன வாரம் சேர்ந்து வந்தவர்கள் இந்த வாரம் ஏன் தனித்தனி வரிசையில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பதிவாகும். காதலித்துப் பிரிந்தவர்களுக்குக் கை கொஞ்சம் குறைவாக ஆடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி அழுத முகத்தோடு போய் நின்ற இரண்டு பேரைச் சித்தி, வெங்காயம் உரிக்க வேண்டுமானால் பின்வாசல் வழியாக வரச் சொன்னார்.

இனி என்னைப் பற்றி. நான் மெங். வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆரம்பச் சீனம் கற்பிக்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக, சீனம் ஒரு சொல்கூடத் தெரியாமல் வருகிறவர்களை, கடையில் போய் ஏமாறும் அளவுக்குத் தேற்றி அனுப்புகிறேன்.

ஆரம்பக்காரர்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஒன்றோடு ஒன்றைக் கூட்டிச் சொல்வதற்கு எங்கள் மொழியில் நாலு சின்னச் சொற்கள். பக்கத்து ஆளுக்குக் கிடைத்தது எனக்கும் என்றால் 'யே'. கேட்டது போக இன்னொன்றும் வேண்டும் என்றால் 'ஹாய்'. இனிமேல் இன்னொரு தடவை என்றால் 'ட்சாய்'. நடந்து முடிந்த இன்னொரு தடவை என்றால் 'யோ'. நாளைக்கு மறுபடி வருகிறேன் என்பதற்கு ஒரு சொல், நேற்றும் மறுபடி வந்தான் என்பதற்கு வேறு சொல். புத்தகத்தில் 'அவன் மாணவன், நானும் மாணவன்' என்று போட்டிருக்கும். அதைப் படித்து ஒரு ஜீவனும் தேறியதில்லை.

என் வகுப்பில் மட்டும் தேறினார்கள். மற்றதெல்லாம் தடுமாறும், இந்த நாலு சொல்லில் மட்டும் தவறே வராது. ஆண்டறிக்கையில் இதை என் தனிக் கற்பிப்பு முறை என்று எழுதினேன். அதற்கு ஒரு சான்றிதழும் வந்தது. சட்டம் போட்டு மேசைக்கு மேல் மாட்டியிருந்தேன்.

உண்மையில் பாடம் நடந்தது நாலாம் ஜன்னலில். வெளிநாட்டுப் பிள்ளை ஒன்று தட்டை நீட்டி, சோறு வேண்டும், 'ட்சாய்' முட்டைக்கோஸ் வேண்டும் என்று சொன்னால் சித்தியின் கரண்டி அந்தரத்தில் நிற்கும். பின்னால் நாற்பது பேர் முணுமுணுத்தாலும் இறங்காது. பிள்ளை யோசித்து, 'ஹாய்' முட்டைக்கோஸ் வேண்டும் என்று திருத்திய பிறகுதான் தட்டுக்கு வரும். முன்னால் நிற்பவன் வாங்கியதைக் காட்டி 'யே' என்று சொல்லத் தெரியாவிட்டால் வெறும் சோறுதான். இன்னும் கொஞ்சம் வேண்டுமானால் 'ட்சாய்'. இவையெல்லாம் வராத புது ஆட்களையும் சித்தி முதல் பார்வையிலேயே 'யோ லாய் லா' என்றுதான் வரவேற்பார். மறுபடி வந்துட்டியா என்று அர்த்தம். முதன்முறையாக வந்தவர்கள் குழம்பிப்போவார்கள். இரண்டாம் நாள் அதே வரவேற்பு கிடைக்கும்போது அர்த்தம் தானாகப் புரிந்துவிடும். பசியைப் போல இலக்கணம் கற்பிக்கிற வாத்தியார் கிடையாது. இது எனக்குத் தெரியும். சான்றிதழில் சித்தியின் பெயரைச் சேர்க்க இடம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மணி அடித்தால் பாடத்தை நிறுத்த மாட்டேன். திங்கள், புதன், வெள்ளி பத்திலிருந்து பன்னிரண்டு வரை என் வகுப்பு. பன்னிரண்டு மணி அடிக்கும்போதுதான் எனக்குச் சிறந்த உதாரணங்கள் தோன்றும். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் என்பேன். அது முடிந்ததும் இன்னொன்று. பிள்ளைகள் கோட்டு மாட்டி, கழுத்துத் துணி சுற்றி, மூன்று மாடி இறங்கி, உறைந்து கிடக்கும் மைதானத்தைத் தாண்டிச் சாப்பாட்டுக்கூடம் போய்ச் சேரப் பன்னிரண்டரை ஆகும். பந்திக்கு முந்து என்கிற பழமொழியை நான் அவர்களுக்குக் கற்பிக்கவே இல்லை. இதற்குப் பெயர் அர்ப்பணிப்பு என்று நான் நம்பினேன். அந்த மூன்று நாளும் என் மனைவி கட்டிக்கொடுத்த டப்பாச் சாப்பாட்டை ஆசிரியர் அறையில் வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். வகுப்பு இல்லாத செவ்வாய், வியாழனில் மட்டும் பதினொன்றரைக்கே போய் நாலாம் ஜன்னலில் முதல் ஆளாக நிற்பேன்.

நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு விலாக் கறி நன்றாக அமைந்திருந்தது. வாசனை படிக்கட்டு வரை வந்தது. கரண்டி ஒரு முறை ஆடியது, பொறுத்தேன். இரண்டாம் முறை ஆடியது, பொறுத்தேன். மூன்றாவதாகவும் ஆடியது. மூன்று துண்டுதான் மிஞ்சியது. அதில் ஒன்று வெறும் எலும்பு.

"சித்தி, நான்தான் இன்னைக்கு முதல் ஆளு," என்றேன்.

"தெரியுதே சார். முதல் ஆளுக்குப் பசி கம்மியாத்தான் இருக்கும்."

"நாலு துண்டாவது எப்பவும் வருமே."

"உங்க வயசுக்கு மூணு போதும். போன மாசம் ரத்தக் கொதிப்புன்னு நீங்கதான சொன்னீங்க? அவரைக்கா வேணா இன்னும் போடுறேன்."

சொன்னபடி அவரைக்காய் போட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டாமாண்டு மாணவர்கள். சிரித்தார்கள். என் ரத்தக் கொதிப்பு பொதுச் சொத்தாகிவிட்டதே என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

சாப்பாட்டுக்கூட வாசலில் கருத்துப் புத்தகம் ஒன்று தொங்கும், நூல் கட்டிய பேனாவோடு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், கீழே மேலாளர் லுவான் பதில் எழுதுவார். 'சோறு குழைகிறது' என்று இருக்கும், 'கவனிக்கிறோம்' என்று பதில் இருக்கும். 'சோறு விறைக்கிறது' என்று அடுத்த பக்கத்தில் இருக்கும், அதற்கும் 'கவனிக்கிறோம்'. அந்த மாதம் கூடவே கைப்பேசியில் ஒரு வாக்கெடுப்பும் நடந்துகொண்டிருந்தது. எந்த ஜன்னலுக்குக் குறைந்த மதிப்பெண்ணோ அந்த ஜன்னலில் இருப்பவர் கீழ்த்தளத்துக்கு, தட்டு கழுவும் அறைக்குப் போவார் என்று அறிவிப்பு. மாணவர்கள் எல்லாரும் விளையாட்டாக நாலாம் ஜன்னலுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு, அந்த ஜன்னலிலேயே போய் வரிசையில் நின்றார்கள். லுவானுக்கும் அது விளையாட்டு என்று தெரியும். கையெழுத்தோடு எழுதிய புகார் ஒன்று வந்தால்தான் அவர் எதையும் செய்யவேண்டிய நிலை வரும்.

அதை நான் எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க, தெளிவான எழுத்தில், கீழே பெயரும் பதவியும் போட்டு எழுதினேன். 'நாலாம் ஜன்னலில் கை ஆடுகிறது. போன வாரமும் ஆடியது. இன்று மறுபடி ஆடியது. குறைந்தது மறுபடி குறைந்தது' என்று, அடுக்கடுக்காக. நாலு இடத்தில் 'யோ' வந்தது, நாலும் சரியான இடம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன், வகுப்பில் மாதிரிக் கட்டுரையாகவே கொடுக்கலாம் போல இருந்தது. மனசு நிறைந்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்தேன். நாலு சொல்லும் வருகிற மாதிரி, உண்மையில் நடந்ததைப் பத்து வாக்கியத்தில் எழுத வேண்டும். பத்தொன்பது நோட்டுகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திருத்தினேன்.

நான் திருத்துகிற விதத்தைச் சொல்லிவிட வேண்டும். என் சிவப்புப் பேனா சொல்லைப் பார்க்கும், சொல் நிற்கிற இடத்தைப் பார்க்கும், கோடு போடும். வாக்கியம் என்ன சொல்கிறது என்று கேட்காது. ஒருமுறை ஒரு பையன், என் அப்பா போன வாரம் இறந்துவிட்டார் என்று எழுதியதற்குக் கால இடைச்சொல் அருமை என்று பக்கத்தில் எழுதியவன் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த நோட்டுகளையும் அப்படித்தான் திருத்தினேன். லாவோஸிலிருந்து வந்த மணிவோன் என்கிற பெண்ணுக்குத் தொண்ணூற்றாறு. ஜாம்பியாக்காரன் முலெங்காவுக்குத் தொண்ணூற்றொன்று, ஓர் எழுத்தில் ஒரு கோடு விட்டதற்காகக் குறைத்தேன். பல நோட்டுகளில் 'சித்தி' என்ற சொல் கண்ணில் பட்டது. சாப்பாட்டைப் பற்றி எழுதாத ஆரம்பக்காரன் உண்டா என்று நினைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தேன்.

திங்கள் காலை சாப்பாட்டுக்கூட வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நாளை செவ்வாய் முதல் தோங் யாச்சின் கீழ்த்தளத்தில் பணியாற்றுவார். ஆசிரியர் ஒருவரின் எழுத்துபூர்வமான புகாரும் கவனத்தில் கொள்ளப்பட்டது. படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். உள்ளே சின்னதாக ஏதோ உறுத்தியது, ஆனாலும் ஒழுங்கு என்று ஒன்று வேண்டும் அல்லவா என்று அதன் தலையில் தட்டி உட்கார வைத்தேன்.

பன்னிரண்டு அடித்தது. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் என்றேன். அதிக மதிப்பெண் வாங்கிய நோட்டை வாசிக்கட்டும், எல்லாரும் நாலு சொல்லும் எங்கே வருகிறது என்று கவனிக்கட்டும் என்று மணிவோனை எழுப்பினேன். அவள் எழுந்தாள். ஆனால் நோட்டைத் திறக்காமல் தயங்கினாள். முலெங்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாசி என்றேன்.

அவள் வாசித்தாள். எங்கள் வகுப்பு எப்போதும் தாமதம். ஒன்று, இரண்டு, மூன்றாம் ஜன்னலில் எல்லாம் தீர்ந்துவிடும். தோங் சித்தியிடம் மட்டும் இன்னும் கறி இருக்கும். அவர் எனக்குப் போட்டார், முலெங்காவுக்கும் போட்டார். நேற்று நாங்கள் மறுபடி தாமதம். சித்தி மறுபடி மூடியைத் திறந்தார். வெள்ளிக்கிழமையும் தாமதமானால் மறுபடி வாங்க, உங்களுக்கென்று எடுத்து வைத்திருப்பேன் என்றார்.

நாலு சொல்லும் அதனதன் இடத்தில் இருந்தன. பக்கத்தில் என் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று இருந்தது. அதை முந்தின நாள்தான் எழுதியிருந்தேன்.

"இது நெஜமா நடந்ததா?" என்று கேட்டேன்.

"நடந்ததைத்தான எழுதச் சொன்னீங்க சார்," என்றாள் மணிவோன். "எல்லாரும் அதத்தான் எழுதிருக்கோம்."

மேசையில் இருந்த மற்ற நோட்டுகளை எடுத்துப் படித்தேன், முதல் தடவையாக. பத்தொன்பது நோட்டில் பதினாலு நோட்டில் அந்த மூடி திறந்தது. மணி பன்னிரண்டு பத்து. போகலாம் என்றேன். பிள்ளைகள் நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்தே இருந்தார்கள். டப்பாச் சாப்பாட்டை மேசையிலேயே விட்டுவிட்டு நானும் அவர்களோடு மைதானத்தைத் தாண்டினேன்.

மற்ற மூன்று ஜன்னலிலும் பாத்திரத்தை வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் ஜன்னலில் பாத்திரத்தின்மேல் மூடி போட்டிருந்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி ஆளாக நின்றேன். மூடி திறந்தது. அடியில் விலாத் துண்டுகள். ஒரு தட்டுக்கு நாலு, சிலருக்கு ஐந்துகூடப் போனது. கரண்டி ஆடவே இல்லை. அந்தக் கை ஆடாமல் இருக்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

என் முறை வந்தது. சித்தி நிமிர்ந்து பார்த்தார்.

"அட, சாரும் வந்துட்டாரா. யோ லாய் லா."

"சித்தி, முன்னாடி வர்றவங்க தட்டுலருந்து எடுக்குறது எல்லாம் இதுக்கா?"

"பின்ன? எங்கிட்ட என்ன மந்திரப் பாத்திரமா இருக்கு? ஒரு ஜன்னலுக்கு ஒரு பாத்திரந்தான். முன்னாடி வர்றவனுக்கு அள்ளி அள்ளிப் போட்டா கடைசி ஆளு குழம்பத்தான் நக்கணும். இந்தக் குளிர்ல, ஊரு விட்டு ஊரு வந்த புள்ளைங்க."

"இத லுவான்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

சித்தி கரண்டியைப் பாத்திரத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்தார். "சொன்னா, எந்தப் புள்ளைங்க தினமும் லேட்டுன்னு கேப்பாரு. ஏன் லேட்டுன்னு கேப்பாரு. அப்புறம் உங்க பேரு வரும். நல்லாச் சொல்லிக் குடுக்குற மனுசன், நேரந்தான் தெரியல. அதுக்காக மாட்டிவிடவா?"

நான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு விஷயம் தெரியாதோ என்று ஒரு நப்பாசை.

"புகாரு எழுதினது..." என்று ஆரம்பித்தேன்.

"படிச்சேன். நா எங்க படிக்க, கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேன். மணிவோன்தான் வாசிச்சுக் காட்டுச்சு. நடுவுல நாலஞ்சு எழுத்து தெரியல, மத்தபடி நல்லா வாசிச்சுது. நம்ம சார் 'யோ' போட்டா தப்பே வராது சித்தின்னு வேற சொல்லுச்சு."

மணிவோன் தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்து மும்முரமாக எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவனாக இருந்தால் அங்கேயே கேட்டிருப்பேன். வாத்தியார் தொழிலில் அந்தப் பாடம் கடைசி வரை வருவதில்லை. கீழே போவது கஷ்டமாக இருக்குமா என்று மட்டும் கேட்டேன், அசட்டுத்தனமாக.

"வேல கஷ்டம் இல்ல சார். பேச ஆளு இல்ல. அந்த மிஷின் போடுற சத்தத்துல, பக்கத்துல நிக்கிறவ பேருகூடக் கேக்காது. தட்டு பதில் பேசுமா?" என்று சொல்லிவிட்டு, இருந்த கடைசி இரண்டு துண்டை என் தட்டில் போட்டார். "சாப்புடுங்க. ஆறிரும்."

சாப்பிட்டேன்.

நேராக லுவானின் அறைக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். லுவான் நல்ல மனிதர். ஆனால் காகிதத்தில் ஏறியதைக் காகிதம்தான் இறக்க வேண்டும் என்று நினைப்பவர். அறிவிப்பு ஒட்டியாயிற்று, காரணம் வேண்டும் என்றார். கை ஏன் ஆடியது, அதற்கு யார் பொறுப்பு என்று அதே புத்தகத்தில், அதே பக்கத்தில், எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிக்கொடுத்தால் யோசிக்கலாம் என்றார். வாயால் சொன்னால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார்.

நூலில் கட்டிய அந்தப் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். மேசைக்கு மேல் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ் கண்ணில் வந்து நின்றது. அதைக் கொடுத்த துறைத்தலைவர் தினமும் இந்த வாசல் வழியாகத்தான் சாப்பிடப் போவார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை, வெட்டியவனும் நானே. கடைசியில் எழுதினேன். என் வகுப்பு பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டும், நான் முடிப்பதில்லை. என் மாணவர்கள் பட்டினி கிடக்காமல் இருக்கத் தோங் சித்தியின் கை ஆடுகிறது. இத்தனை வருஷமாக உங்கள் எல்லார் தட்டிலும் குறைந்த துண்டுகளுக்கு நானும் என் கடைசி வாக்கியங்களும்தான் காரணம். பெயரும் பதவியும் போட்டேன். பழைய புகாரைப் போல எழுத்து அழகாக வரவில்லை.

லுவான் வந்து எட்டிப் பார்த்துப் படித்தார். இரண்டாம் தடவை படிக்கும்போது சிரிப்பை அடக்க முடியாமல் மீசையைத் தடவினார்.

"அப்ப, இத்தன பேரு விலாக் கறியக் கொறைச்சது நீங்கதான் சார்," என்றார்.

கீழே 'கவனிக்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் கைப்பட எழுதிய அந்தச் சொல்லுக்குப் பலன் கிடைத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். மாலைக்குள் அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள். கை ஆடக்கூடாது என்று சித்திக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் போனது.

எனக்குக் கிடைத்தது அதைவிடப் பெரியது. ஒரு மாதம் வரை நான் தாண்டிப்போகும்போதெல்லாம் இயந்திரவியல் பையன்கள் மரியாதையாக வணங்கி, சார், என் நாலு துண்டு பாக்கி என்றார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை எதைக் கொண்டு மூட? துறைத்தலைவர் என் மேசைக்கு ஒரு கடிகாரம் அனுப்பி வைத்தார். எங்கள் ஊரில் ஒருவருக்குக் கடிகாரம் பரிசாகக் கொடுப்பது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று தெரிந்தும் அனுப்பினார் என்றால், அவர் எத்தனை நாள் பசியோடு இருந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை பன்னிரண்டு அடித்தது. ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். எழுவாய் வந்துவிட்டது, பயனிலை வரவில்லை. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தேன். பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து பயனிலைக்காகக் காத்திருந்தார்கள். அது வெள்ளிக்கிழமை வரும் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் சித்தியின் கரண்டி, போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி ஆடாமல் நின்றது. ஏழு அள்ளினால் ஏழும் தட்டில். மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கறி அதிகமாகி ருசி குறைந்துவிட்டது என்று கருத்துப் புத்தகத்தில் யாரோ எழுதினார்கள்.

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை, பதினொன்றரைக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன். கரண்டி உள்ளே போனது, ஏழு துண்டோடு எழுந்தது, ஜன்னலுக்கு வருவதற்குள் ஆடியது. தட்டுக்கு மேலே வந்து இன்னொரு தடவை ஆடியது. நாலு துண்டு விழுந்தது.

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன். "சித்தி, நாந்தான் இப்ப சரியா மணிக்கு விட்டுர்றேனே. யாருக்கு இது?"

"மூணாவது மாடியில புதுசா ஒரு வாத்தியாரு வந்திருக்காரு சார். சின்னப் பையன். கொரியாக்காரப் புள்ளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்குறான்." சித்தி என் தலைக்கு மேலே வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவனும் நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறானாம். அவனும் மணி பாக்கறதில்ல."

அந்த ஜன்னலில் நின்ற ஒவ்வொருவரும் அந்த நாலு சொல்லையும் வாங்குவதற்குத்தான் கற்றார்கள். இருபத்திரண்டு வருஷம் அவற்றைக் கற்பித்த நானும் அப்படித்தான். நான் தட்டை எடுத்துக்கொண்டு போகாமல் மறுபடி ஜன்னலுக்குள் நீட்டினேன்.

"இன்னும் ஒண்ணு எடுத்துக்குங்க சித்தி," என்றேன்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. நான் எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று ஒரு கணம் பயந்தேன். பிறகு சித்தி என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பாத்திரத்தில் போட்டார். சதை அதிகம் இருந்த துண்டாகப் பார்த்து எடுத்திருந்தார்.